நெடுந்தீவுக்குக் கொண்டுபோன கசற்

காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினேன். 1989, பங்குனி மாதம். ரிக்கற் ஏழு ரூபா. மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு சாரங்களுக்கு நடுவே சுற்றி வைத்த வீடியோ கசற் ஒன்று. யன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்காமல் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் அரசாங்க அலுவலகமான கச்சேரியடியில் மரநிழலில் மேசை போட்டு மனுக்கள் தட்டச்சு அடிப்பவன். நெடுந்தீவுக் கடற்றொழிலாளி பிலிப்பு அண்ணை ஐந்து வருடங்களுக்கு முன் வள்ளத்து இயந்திரத்துக்கு அனுமதி கேட்டு மனு அடிக்க வந்தார். மனு முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்தார்.

"இன்னுமொரு கடிதம் இருக்குது தம்பி. இங்கிலீசிலை அடிக்கோணும். நீர் சிரிக்கக் கூடாது."

சிரித்துத்தான் விட்டேன். கடிதம் ஹெல்கா என்ற பெண்ணுக்கு. பனித்தரையில் சறுக்கி ஆடுவதில் வெற்றி மேல் வெற்றி எடுத்தவர். ஜேர்மனியில் இருந்த அண்ணையின் மருமகன் அவருடைய ஆட்டங்களை ரீவியிலிருந்து பதிந்து அனுப்பியிருந்தான். அண்ணை சொல்லச் சொல்ல அடித்தேன்: "தண்ணிக்கு மேலை நிக்கிறது என்ன பாடு எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நீர் உறைஞ்ச தண்ணியிலை ஒற்றைக் காலிலை நிக்கிறீர்."

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம். ஒரேயொரு முறை பதில் வந்தது, கையெழுத்திட்ட ஒரு படம். அண்ணை அதற்குச் சட்டம் போட்டு யேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றிலிருந்து ஊரில் அவரைக் காண்பவர்கள் எல்லாம் "மச்சாள் சுகமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவரும் "ஓம், சுகம்" என்பார்.

பிறகு சலரோகம், அந்தச் சீனி வருத்தம், அவருடைய கண்ணைத் தின்றது. வலக் கண் முழுதாகப் போயிற்று. இடக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். சென்ற வருடம் வள்ளத்தில் ஏறும்போது கால் தவறிக் கடலுக்குள் விழுந்தவரை நாலு பேர் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அன்றோடு அவர் கடலுக்குப் போகவில்லை. அதே காலத்தில்தான் ஹெல்காவும் ஒரு போட்டியில் விழுந்து அழுதார் என்றும், இன்னும் ஒரே ஒரு தடவை ஆடிவிட்டு ஓய்வு பெறப் போகிறார் என்றும் செய்தி வந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தைப் பதிந்து, தபால் தீவுக்குப் போய்ச் சேருமோ என்ற பயத்தில் மருமகன் என் விலாசத்துக்கு அனுப்பினான். அவன் அப்போது ஜேர்மனியை விட்டுக் கனடாவுக்குப் போயிருந்தான். இந்தச் சின்ன விடயத்தை வாசகர்கள் மறக்க வேண்டாம். நான் மறந்துவிட்டேன்.

ஏழு மணிக்கு மண்டைதீவுச் சந்தியில் எல்லோரையும் இறக்கினார்கள். இந்தியச் சிப்பாய் ஒருவர் கசற்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டான்ஸ்" என்றேன். என் நரைத்த தலையை ஒரு தரம் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். மானம் போனாலும் கசற் தப்பியது.

வேலணை கடந்து புங்குடுதீவு. மடத்துவெளியில் ஏறிய ஒரு அம்மா, நான் பையை அணைத்திருந்த விதத்தைப் பார்த்து, "முட்டையோ தம்பி?" என்றார். "அதைவிட மோசம் அம்மா" என்றேன். எட்டரைக்குக் குறிகட்டுவான். ஒன்பது மணிக்கு வள்ளம். காற்றில்லாத மாதமாதலால் ஒரு மணித்தியாலத்தில் மாவிலித்துறையில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து அண்ணையின் வீடு ஒன்றரை மைல். இரு பக்கமும் சுண்ணாம்பு படாத கல்வேலிகள், வெட்டையில் தலை குனிந்து மேயும் கட்டைக் குதிரைகள். மெலிந்து போயிருந்தன.

வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, கதிரையில் இருந்தார் அண்ணை. கோயிலுக்குப் போகிறவர் மாதிரி இருந்தது.

"கொண்டந்தனீரோ?"

"ஓம் அண்ணை."

"இவர் விடியத் தொடக்கம் உந்தக் கதிரையை விட்டு எழும்பேல்லை" என்றார் அவர் மனைவி றோசலின் அக்கா.

"கடைசி நாளிலை அவ எப்பிடி நிண்டவ எண்டு அறியோணும். நான் என்ரை கடைசி நாளிலை நிக்கேல்லை. நாலு பேர் தூக்கினவை" என்றார் அண்ணை.

பின்னேரம் மூன்று மணிக்கு, ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விடும் செல்வராசா மாட்டுவண்டியில் சாமான்களோடு வந்தார். இருட்டினால் ஊரடங்கு. ஆகவே பகலிலேயே யன்னலுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டி அறையை இருட்டாக்கினோம். மச்சாளைப் பார்க்க அயலவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

கசற் ஓடியது. படம் வரவில்லை. சாம்பல் நிறக் கோடுகள் மேலிருந்து கீழே உருண்டு உருண்டு போயின. செல்வராசா திருகாத திருகில்லை. கடைசியில் என் காதோடு வாய் வைத்துச் சொன்னார்: "இது கனடாக் கசற். அங்கத்தை முறை வேற. எங்கட டெக்குக்கு ஏலாது. சத்தம் மட்டும்தான் வரும்."

ஜேர்மனிக் கசற்றுகள் ஓடியபடியால் இதுவும் ஓடும் என்று மருமகனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

இசை தொடங்கியது. அதுவும் இழுபட்டு, அடித்தொண்டையில் வந்தது. அண்ணை தலையை முன்னால் நீட்டினார்.

"பாட்டே களைச்சுப்போய் வருகுது. அவவுக்கும் வயசு போட்டுது. தம்பி, என்ன நிறச் சட்டை?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். "வெள்ளை" என்றேன்.

ஒரு பொய் வாயை விட்டு வெளிக்கிட்டால் பிறகு அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதுதான். கை விரிக்கிறா என்றேன், சுற்றுகிறா என்றேன், பின்பக்கமாகப் போகிறா என்றேன். அயலவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பாட்டு உச்சத்துக்கு ஏறியது. "இப்ப பாயப்போறா அண்ணை" என்றேன். தொம் என்று ஒரு சத்தம். ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். நான் அதற்கு மேலால் கத்தினேன்: "இறங்கீட்டா! நல்லா இறங்கீட்டா! சிரிக்கிறா அண்ணை, கையசைக்கிறா!" கத்தி முடிக்கப் பாட்டும் முடிந்திருந்தது. கைதட்டல் மட்டும் நெடுநேரம் கேட்டது. அக்கா தேத்தண்ணியோடு வந்தார்.

"சந்தோசம்" என்றார் அண்ணை.

செல்வராசா கசற்றைப் பின்னுக்குச் சுற்றப் பார்த்தார். டெக் நாடாவை இழுத்து மென்றுவிட்டது. கசங்கிய நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

மறுநாள் காலை ஆறரைக்கு மாவிலித்துறையில், வேண்டாம் என்றும் கேளாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணை வழியனுப்ப வந்தார். கரையில் அவருடைய வள்ளம் கவிழ்த்தபடி கிடந்தது. அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தம்பி, படம் வரேல்லை, என்ன? வெளிச்சம் மேலையிருந்து கீழை ஓடினது. பனித்தரை அப்பிடி ஓடுமே?"

நான் தலை குனிந்தேன். தலை குனிந்தது அவருடைய கண்ணுக்குத் தெரியப்போவதில்லை என்று உறைத்ததும், "ஓம் அண்ணை" என்றேன்.

"அவ விழுந்தவ."

"உங்களுக்கு நோகும் எண்டு..."

"விழுந்தது நோகேல்லை. எல்லாரும் விழுகிறதுதான். எழும்பினவவோ, தூக்கினவையோ? அதைக் கேக்கத்தான் இருந்தனான். அந்த இடத்திலை நீர் கத்திப்போட்டீர்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வள்ளத்துக்காரர் கூப்பிட்டார். திரும்பும் ஒரு மணித்தியாலமும் கடலை என்னால் பார்க்க முடியவில்லை.

யாழ்ப்பாணம் வந்த அன்றே, ஹெல்கா எப்படி எழும்பினார் என்று கேட்டு மருமகனுக்குக் கனடாவுக்கு எழுதினேன். ஆனி மாதத்தில் பதில் வந்தது. அடுத்த நாள் மேசை போடவில்லை. அதே பஸ், அதே வள்ளம், அதே ஒன்றரை மைல். அண்ணையின் முன்னால் இருந்து கடிதத்தைப் பிரித்து வாசித்தேன்: "மாமா, அவ விழுந்தது கடைசிப் பாய்ச்சலில். ஒருவரும் கிட்டப் போகவில்லை. தானே எழும்பினா. பாட்டு முடிந்த பிறகும் நின்று, நாலு பக்கமும் குனிந்து கும்பிட்டா."

அண்ணையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையை நீட்டினார். கடிதத்தை வைத்தேன். அதைக் குசினிப் பக்கம் நீட்டி, "றோசலின், நீ ஒருக்கா வாசி" என்றார்.

அக்கா சேலைத் தலைப்பில் கை துடைத்துவிட்டு வந்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். நான் வாசித்ததற்கு ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்போதுதான் அண்ணை அழுதார்.