ஓவாவின் குதிகால்

ஓவா டாக்கெட் எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு பத்து வருஷம் சோளரொட்டி சுட்டவள். கென்டக்கி மலைப்பக்கத்தில் அவள் பாடாத கிறிஸ்தவச் சபை இல்லை. கூடப் பாடுகிறவன் ஹோபர்ட், அவள் தங்கையின் புருஷன், சுரங்கத் தொழிலாளி. குரல் தேன்தான். ஆனால் கண்ணை மூடினானென்றால் பிடித்த சுரத்தை விடமாட்டான். கிடார் எங்கேயோ போயிருக்கும்.

1952இல் வானொலி நிலையத்தில் அவர்கள் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். 'கதவைச் சாத்தாதேயும் கர்த்தாவே' என்ற பாட்டு. ஒரே மைக், இருவரும் நெருங்கி நின்றார்கள். மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் தட்டில் இடமில்லை. கடைசிச் சரணத்தில் ஹோபர்ட் கண்ணை மூடினான். 'கர்த்தாவே' முடிவதாக இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பதிவுக்காரர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஓவா குதிகாலைத் தூக்கி அவன் கால் பெருவிரலில் இறக்கினாள்.

கிளம்பிய கதறல் அப்படியே தட்டில் ஏறிவிட்டது.

பதிவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னொரு தடவை எடுக்க வேணாம். மனுசன் உருகிட்டாரு."

வானொலியில் அந்தக் கதறலைக் கேட்டுக் குடிகாரர்கள் மனந்திரும்பினார்கள். சபையில் ஹோபர்ட்டுக்கு டீக்கன் பதவி கொடுத்தார்கள். போகிற இடமெல்லாம் அந்தக் கதறல் வேண்டுமென்றார்கள். அவன் தானாகக் கத்திப் பார்த்தான். கன்றுக்குட்டி போல இருந்தது.

"மதினி, அந்த இடம் வந்ததும் கொஞ்சம் மிதிங்க."

"எந்தக் கால்ல?"

"இடதுல. வலதுல நகம் போயிருச்சு."

நாலு வருஷம் மிதித்தாள். மனசு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல எழுந்து, நடந்ததையெல்லாம் சபை முன்னால் கொட்டிவிட்டாள். ஹோபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். பாஸ்டர் கில்லியம் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை.

"அதனால என்ன சிஸ்டர்? பிலேயாம் தீர்க்கதரிசியோட காலைச் சுவரோட வச்சு நசுக்குனதும் ஒரு கழுதைதான். அதையும் கர்த்தர் பயன்படுத்தலையா?"

"அப்ப நான் கழுதைங்கிறீங்க."

"வேதத்துல உள்ளதைச் சொன்னேன்."

சபை சிரித்து முடிக்க வெகுநேரமானது. ஹோபர்ட்டின் பதவி போகவில்லை. ஓவா இரண்டு மாதம் சபை விருந்துக்கு ஒரு கரண்டி பீன்ஸ்கூடக் கொண்டுவரவில்லை. மூன்றாம் மாதம் பாஸ்டரே வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்தபோது, பாஸ்டர் தன் காலை மட்டும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாராம்.