ஒரே ஒரு கோலும் நாங்கள் இரண்டு பேரும்

பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் போனது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. நான் வலப்பக்கம் நின்றேன், என் கணவரின் தங்கை இடப்பக்கம் நின்றாள், நடுவில் ஒரு ஆட்டோ தாராளமாகத் திரும்பும் அளவுக்கு இடம் கிடந்தது. பொழியூர்க் கரை அணியின் முன்னாட்டக்காரி அந்த இடத்துக்குள் பந்தோடு வந்தாள். அவளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு தவிர எல்லாக் காலையும் சாளை மீனும் அயிலை மீனும் தலையில் சுமந்து எங்கள் வீட்டு இடவழிக்கு வருகிறவள். அன்றைக்குத் தலையில் ஒன்றும் இல்லை, காலில் பந்து இருந்தது. எங்களைத் தாண்டினாள், முழங்காலில் பட்டி கட்டி கோலில் நின்ற டீச்சரையும் தாண்டினாள், வலையில் போட்டாள். ஆட்டம் முடிய மூன்று நிமிடம். ஒன்றுக்கு சைபர். தோற்றோம்.

தகராறு எல்லாம் அதற்குப் பிறகுதான். அது யார் குற்றம்?

ஓணம் முடிந்த வாரத்தில் பஞ்சாயத்து மைதானத்தில் பெண்களுக்கு செவன்ஸ் வைத்தார்கள். பக்கத்துக்கு ஏழு பேர். எங்கள் சபையின் பெண்கள் சங்கம் பாட்டுப் பழகும், நோயாளிகளைப் பார்க்கப் போகும், கேக் சுடும். அது எப்படிப் பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுத்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. உதியன்குளங்கரையில் தையல்கடை வைத்திருக்கும் எங்கள் கேப்டன் ஏழு பேருக்கும் மஞ்சள் சட்டை தைத்தாள். அளவெடுத்த டேப்பை வைத்தே யார் எங்கே நிற்பது என்பதையும் முடிவு செய்துவிட்டாள். "அக்கா, உங்களுக்குத் தோளு அகலம். நீங்க பின்னால நிக்க பேக்கு." அவளுக்குத் தோள் குறுகல், அதனால் முன்னால் ஓடும் பார்வேடு. ஆட்டம் பற்றிய எங்கள் மொத்த அறிவும் அவ்வளவுதான்.

நாற்பத்தேழு வயதில் ஓடினேன். இதற்கு முன்னும் ஓடியிருக்கிறேன். காட்டாக்கடை பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன், மழைக்கு முந்திக் கொடியில் கிடக்கும் துணிக்கு ஓடியிருக்கிறேன், பால் பொங்கும் மணத்துக்கு ஓடியிருக்கிறேன். எல்லா ஓட்டத்தின் முடிவிலும் ஒரு வேலை காத்திருக்கும். இந்த ஓட்டத்தின் முடிவில் ஒரு பந்து. அதையும் கையில் எடுக்கக் கூடாது. உதைத்துவிட்டால் போய்விடும், போனால் மறுபடி ஓடலாம்! முதல் பயிற்சி முடிந்த சாயங்காலம் மைதானத்துப் புல்லில் மல்லாந்து கிடந்தபோது வானம் என் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் யாரோ கிணற்றில் வாளி விட்டு இறைப்பதுபோல இருந்தது. இத்தனை காலம் இந்த உடம்பை எங்கே வைத்திருந்தேன் என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

தோற்ற இடத்திலேயே இரண்டு கேப்டன்களும் கைகொடுத்து ஒன்று பேசிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை பொழியூரில், அவர்கள் மணலில், இன்னொரு ஆட்டம். அதில் நான் பேக்காக நிற்பேனா, மாட்டேனா? கோல் யார் குற்றம் என்பது மற்றவர்களுக்கு வாய்க்கு ருசியான ஒரு பேச்சு. எனக்கு அந்தச் சனிக்கிழமை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து, சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். கட்டன் சாயா, பழம்பொரி. எங்கள் சங்கத்தில் எதைப் பேசினாலும் முறை உண்டு. ஜெபம், அறிக்கை, தீர்மானம், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம். ஒரு வாளி வாங்குவதற்கும் அதுதான் முறை. எனவே கேப்டன் கண்ணை மூடி ஜெபித்தாள். "கர்த்தாவே, முன்னால் ஓடினவர்களையும் பாரும், பின்னால் நின்றவர்களையும் மன்னியும்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். "ஜெபத்திலேயே தீர்ப்பு எழுதியாச்சா?"

"ஆமென் சொல்லதுக்கு முன்ன பேசப்பிடாது அக்கா."

ஆமென் ஆனதும் அவளே முன்மொழிந்தாள். தோல்விக்கு டிபன்ஸ்தான் பொறுப்பு என்று இந்தக் கூட்டம் கருதுகிறது, மறு ஆட்டத்தில் அந்த இடத்தில் வேறு இருவரை நிறுத்த வேண்டும். பின்வரிசை நாற்காலியிலிருந்து யாரோ வாயில் பழம்பொரியோடு வழிமொழிந்தார்கள்.

"டீச்சரே, நீங்க சொல்லணும். கோலில நிண்ணது நீங்களாக்கும்," என்றாள் கேப்டன்.

டீச்சர் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எழுந்து, மூட்டைத் தடவிக்கொண்டார். "நான் என்னத்தச் சொல்லதுக்கு? எனக்கு முன்னால ரெண்டு மதிலு உண்டுண்ணு நம்பி நிண்ணேன். பாத்தா ரெண்டும் கேட்டு. அதும் தொறந்து கெடக்குது."

ஹால் சிரிப்பில் குலுங்கியது. என் நாத்தனார் முகம் சிவந்துவிட்டது. "நடுவில வந்தது மைனிக்க பந்து," என்றாள். மைனி என்றால் அண்ணி, அதாவது நான்.

"எனக்க பந்தா? உனக்க காலுக்குப் பக்கத்திலயாக்கும் போச்சு."

"மூத்தவங்க நிக்கும்போ நான் எப்பிடி முந்தி எடுக்கது?"

"கோழிக்கறியில காலு எடுக்கும்போ இந்த மரியாதைய ஒரு நாளும் கண்டதில்லியே மக்கா!"

அவளே முதலில் சிரித்தாள். சாயா மூக்கில் ஏறி இருமினாள். நான் முதுகைத் தட்டிக்கொண்டே கேப்டனைப் பார்த்துத் திரும்பினேன். "ஒண்ணுக்கு சைபர். ஒண்ணு நாங்க விட்டது, செரி. அந்த சைபர் ஆருக்கது?"

"பந்து எனக்கிட்ட வந்தாத்தானே அக்கா?"

"ரெண்டு தடவ வந்திச்சே. ஒண்ண கொடிக்கம்பத்துக்கு அடிச்ச, மத்தது மரச்சீனி வெளையில கெடந்து எடுத்தோம்."

"அது காத்து."

"நாங்க நிண்ண பக்கம் மட்டும் காத்து இல்லியோ?"

திருத்தங்கள் வந்தன. நனைந்த புல்லையும் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும் என்றார் ஒருவர். பாதி ஆட்டத்தில் குடித்த எலுமிச்சை வெள்ளம் வயிற்றில் குலுங்கியதைச் சேர்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஒவ்வொன்றையும் கேப்டன் ஒழுங்காக மினிட்ஸில் எழுதினாள். கடைசியில் கை தூக்கச் சொன்னாள். இந்தப் பக்கம் எத்தனை கையோ அந்தப் பக்கமும் அத்தனை கை. சமநிலையானால் தலைவரின் ஒரு ஓட்டு முடிவு செய்யும். தலைவரும் கேப்டன்தான். அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"சாட்சி இல்லாம நான் போடமாட்டேன். கோலு அடிச்சவகிட்டயே கேப்போம். நாளைக்கு மீனுகொண்டு வருவால்லியா?"

திங்கள் காலை எட்டு மணிக்கு எங்கள் இடவழியில் கூட்டம் தொடர்ந்தது. கடை திறக்கும் முன்பாகக் கழுத்தில் டேப்போடு கேப்டன் வந்தாள். டீச்சர் ஒரு குடையை ஊன்றி வந்தார். நானும் நாத்தனாரும் நைட்டிமேல் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றோம். அந்த வழியில் கார் வராது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் செம்மண் கையாலைச் சுவர், மேலே ரப்பர் மரங்கள், கீழே ஒரு ஆள் தாராளமாகவும் இரண்டு ஆள் உரசிக்கொண்டும் போகிற தடம்.

"பெடக்குற சாளையே!" என்று, மீன் இன்னும் துடிக்கிறதென்று கூவும் குரல் முதலில் வந்தது. பிறகு வளைவில் மீன் நிறைந்த அலுமினியச் சருவம், அதற்குக் கீழே அவள். எங்கள் நால்வரையும் கண்டதும் சருவத்தை இறக்கி வைத்தாள்.

"எந்தா எல்லாரும் கூடி நிக்குது? ஆரு செத்தது?"

"டிபன்ஸ் செத்தது," என்றார் டீச்சர். "எப்பிடிச் செத்ததுண்ணு நீ சொல்லணும்."

கேப்டன் விவரத்தைச் சொன்னாள். மீன்காரி குந்தி உட்கார்ந்து, சாளைகளை ஒரே திசையில் அடுக்கிக்கொண்டே யோசித்தாள். சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு உரிய கனம் முகத்தில் வந்தது.

"சத்தியம் சொன்னா சேச்சிக்கு விஷமம் ஆவுமோ?"

"சொல்லு. விஷமம் ஒண்ணும் இல்ல," என்றேன். உள்ளே வருத்தம் இருந்தது.

"நான் எப்பளும் போலத்தான் வந்தேன். ரெண்டு பேரு நிக்கியது கண்டேன். 'வழி விடு மக்கா'ண்ணு ஒரு சத்தம் போட்டேன். ரெண்டு பேரும் விட்டுத் தந்தாங்க. பின்ன நான் போவாண்டாமா?"

எனக்கு எல்லாம் விளங்கியது. பதினைந்து வருடமாக இந்த வழியில் அந்தக் குரல் வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? கையில் என்ன இருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு கையாலையோடு முதுகை ஒட்டிவிடுவோம், சருவத்திலிருந்து சொட்டும் மீன்வெள்ளம் மேலே விழாமல் இருக்க. அவள் போனபிறகு விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அதற்கு மனம் தேவையில்லை, காலே போதும். பத்தாயிரம் பேர் கைதட்டினாலும் அந்தக் கால் அந்தக் குரலைத்தான் கேட்டிருக்கும். மைதானத்தில் கையாலை இல்லை. ஆனாலும் நான் வலப்பக்கம் ஒதுங்கினேன், நாத்தனார் இடப்பக்கம் ஒதுங்கினாள். நான் சட்டையின் நுனியைக்கூடத் தூக்கிப் பிடித்தேன் என்பது இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

நாத்தனார் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் ஆடின. "மைனி... நானும்... நானும் தூக்கிப் பிடிச்சேன்..."

டீச்சர் குடையின்மேல் சாய்ந்து சிரித்தார். மீன்காரி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ டிபன்ஸ்தான் காரணம்."

"டிபன்ஸ் இல்ல, காலு," என்றேன்.

"சனியாழ்ச்ச அந்தக் காலுகளத்தானே கொண்டு வருவிய? அவ அங்கயும் அந்தச் சத்தம்தானே போடுவா?"

மணல், கடல்காற்று, மஞ்சள் சட்டை எல்லாம் கையாலைக்கு மேலே எழும்பி ரப்பர் தோட்டத்துக்குள் மறைவதைப் பார்த்தேன். டீச்சர்தான் காப்பாற்றினார். கணக்கு டீச்சர்களுக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வராது.

"பரீச்ச வச்சிருவோம். இவ வழக்கம்போல வரட்டு. இவங்க வழியில நிக்கட்டு. ஒதுங்கினா சனியாழ்ச்ச வெளிய நிண்ணு வெள்ளக்குப்பி பிடிக்கட்டு. ஒதுங்கல்லண்ணா பேக்கு."

மீன்காரிக்குக் கண் விரிந்தது. "சருவத்தோடயா?"

"சருவத்தோட."

சும்மாட்டைச் சரிசெய்து, சருவத்தை ஏற்றிக்கொண்டு வளைவுக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் தடத்தின் நடுவில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். வந்தாள். "வழி விடு மக்கா!" அடுத்த நொடி என் முதுகில் ஈரச் செம்மண். எதிர்க் கையாலையில் நாத்தனார், நைட்டி நுனியைக் கையில் பிடித்தபடி. நடுவே மீன்காரி ராணிபோலப் போனாள்.

"இது கணக்கில சேராது!" என்று கத்தினேன். "ரெடி சொல்லல்ல!"

கேப்டன் டேப்பை விரலில் சுற்றினாள். டீச்சர் ஒரு விரல் காட்டினார். இன்னும் ஒரு தடவை.

இந்த முறை நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல்களை மண்ணில் ஊன்றினேன். வளைவில் சருவம் மின்னியது. சூரியன் அதன் விளிம்பில் உட்கார்ந்து வந்தது. வெள்ளம் அவள் காதோரம் சொட்டி, கம்மலில் தயங்கி, தோளில் விழுந்தது. "வழி விடு!" கால் துடித்தது. நாத்தனாரின் விரல்கள் என் விரல்களை நெரித்தன. "மைனி, நிக்கணும்." "நிக்கேன்." "மைனி, எனக்க காலு போவுது." "போவ விடாத மக்கா!" சருவம் வந்தது, வாடை வந்தது, அவள் மூச்சு எங்கள் மூக்கில் பட்டது. நாங்கள் நின்றோம்.

அவளும் நின்றாள். எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு வலத்தோளை ஒரு சின்ன அசைப்பு அசைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தோம். அவள் மற்றப் பக்கம், நாத்தனாருக்கும் கையாலைக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியில், இடுப்பை மட்டும் திருப்பி வழுக்கிப் போய்விட்டாள். ஒரு சாளைகூட விழவில்லை. மீன்வெள்ளம் மட்டும் எங்கள் தலையில் தாராளமாக விழுந்தது.

நான்கு பேரும் வாயைத் திறந்து நின்றோம்.

"ஒதுங்கினாங்களா?" என்று கேப்டன் கேட்டாள்.

"இல்ல," என்றார் டீச்சர். "ஒதுங்கல்ல. தோத்தாங்க."

கேப்டன் கொஞ்சம் யோசித்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "தோக்கட்டு. அவகிட்ட ஆருதான் தோக்கமாட்டா? அன்னிக்கு விட்டுக் கொடுத்தியளே, அதாக்கும் எனக்குப் பொறுக்கல்ல. சனியாழ்ச்ச ரெண்டு பேரும் நிக்கணும். இண்ணைக்கு அஞ்சு மணிக்கு மைதானத்துக்கு வரணும். குளிச்சிட்டு வரணும்."

நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

மீன்காரி அதற்குள் தடத்தில் முப்பதடி போயிருந்தாள். "பெடக்குற சாளையே!" எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. தோர்த்தை நாத்தனார் தலையில் எறிந்துவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது, மற்றதை நானே உதறினேன். கையாலையில் தோள் உரசி, செம்மண் உதிர, அவளை முந்திப் போய்த் திரும்பி, கை இரண்டையும் விரித்துக்கொண்டு எதிரே நின்றேன்.

"என்ன சேச்சி? விடமாட்டியளா?"

"விடமாட்டேன்."

அவள் சருவத்துக்குக் கீழே சிரித்தாள். வலத்தோளை அசைத்தாள். நான் நம்பவில்லை. இடத்தோளை அசைத்தாள். அதையும் நம்பவில்லை. அவளுக்குப் பின்னால், நைட்டி சரசரக்க, நாத்தனார் ஓடிவரும் சத்தம் கேட்டது.