எதிர்க்கரையின் நல்ல வார்த்தை

என் அக்காவின் கணவரை ஊரில் எல்லோரும் ‘காது’ என்பார்கள். எனக்கு அத்தான். அவர் நல்லவரா என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன். எங்கள் நாட்டில் எல்லோரும் அப்படித்தான் வளர்கிறோம், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு அரசாங்க உத்தியோகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு. அந்த நாட்டு வானொலியை நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. மேட்டுத் தெருவில் பழைய கட்டடத்தின் மாடியில் ஒரு நீள அறை, சன்னல்களுக்குக் கனமான திரை, ஆளுக்கொரு மேசை. செய்தி மட்டும் என்றில்லை, அவர்களுடைய வானிலை, பயிர் நிகழ்ச்சி, நேயர் விருப்பப் பாட்டு எல்லாவற்றையும் கேட்டுச் சுருக்கி எழுதித் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அடியில் ‘உள்நோக்கம்’ என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அவர்கள் வெங்காயம் நன்றாக விளைந்திருக்கிறது என்று சொன்னால், ஏன் சொன்னார்கள் என்று இவர் எழுத வேண்டும். உள்நோக்கம் ஒன்றும் இல்லை என்று எழுதினால் காகிதம் திரும்பி வரும், நிச்சயமாகத் தெரியுமா என்ற கேள்வியோடு. எதையும் நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது? அதனால் எல்லோரும் எதையாவது எழுதிவிடுவார்கள்.

இந்த வழக்கம் சும்மா வந்ததல்ல. என் அப்பா இளைஞராக இருந்த காலத்தில் ஆற்றின் மேல் பாலம் கட்டித் திறந்தார்கள். எதிர்க்கரை வானொலி வாயார வாழ்த்தியது. மறுநாள் விடிவதற்குள் அதே பாலத்தின் மேல் அவர்கள் படை வந்தது. போர் முடிந்து ஒரு தலைமுறை போய்விட்டது, ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் திட்டினால் தூங்கலாம், வாழ்த்தினால் விழித்திரு என்று எழுதப்படாத சட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. ஒரு வருடம் அவர்கள் எல்லையில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்த ஆட்களை எங்கே வைத்திருக்கிறார்களோ என்று நாங்கள் எங்கள் ஆட்களைக் கூட்டினோம். போரில் இடிந்த பாலத்தைத் தங்கள் செலவில் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஏன் என்று பல வருடம் ஆராய்ந்து, கடைசியில் எங்கள் பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பினோம். வெளியுறவுக் கொள்கை என்றால் தலைநகரில் கோட்டுப் போட்டவர்கள் கூடி வகுப்பது என்று நினைப்போம். எனக்கென்னவோ அது அத்தானின் மேசையிலும் எங்கள் சமையலறைகளிலும்தான் தயாராகிறது என்று தோன்றும்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். பால்காரர் ஒரு நாள் சிரித்துப் பேசினால் பாத்திரத்தைத் தூக்கி அளவு பார்ப்பார். நான் ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தபோது பிரித்துக்கூடப் பார்க்காமல் உனக்கு என்ன ஆகணும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் உடனே பெண் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டவர் அவர். அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வருடங்கள் போகப் போக அவளும் கணவர் பூ வாங்கி வந்தால் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எனக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தொழில். பட்டறையும் வீடும் ஆற்றை ஒட்டிய கீழ்த்தெருவில் இருந்தன. அந்த மழைக்காலத்தில் என் மனைவி வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அவளுக்குச் சமைத்துப் போட அக்கா மேட்டுத் தெருவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். என் மனைவிக்கு அதிலும் ஒரு சந்தேகம், தன் சமையலறையை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று. அது பாதி உண்மையும்கூட.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க்கரை வானொலி எங்கள் மொழியில் பேசியது. மேலே மழை அதிகம், அணையின் கதவுகளைத் திறக்கப் போகிறோம், இரு கரைகளிலும் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள் என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் தடுமாறினாலும் மரியாதையாகப் பேசியது. அதுவரை அவர்கள் எங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் எல்லோரும் கேட்டோம். ஒருவர்கூடப் பெட்டியைக் கட்டவில்லை. என்றைக்குமில்லாத அக்கறை இன்றைக்கு எங்கிருந்து முளைத்தது என்றார்கள். அடுத்த வீட்டு ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் வந்து, உங்க அத்தான் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவர் எதையும் வீட்டில் சொல்ல மாட்டார் என்றேன். கடைக்காரர் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மேட்டுத் தெரு மாடியில் அத்தான் அந்த அறிவிப்பைச் சுருக்கி எழுதி, அடியில் இப்படி எழுதியிருக்கிறார்: கரையைக் காலி செய்ய வைத்து, காவல் இல்லாத நேரத்தில் ஆற்றைக் கடக்கும் திட்டமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதினாராம். அது தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வார்த்தை வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. மதியத்துக்குள் உத்தரவு வந்தது. கீழ்த்தெருவை விட்டு யாரும் நகரக் கூடாது, வதந்தியை நம்பக் கூடாது, கரையில் காவலை இரட்டிப்பாக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே ஜீப் போனது. அந்த உத்தரவைக் கேட்டு எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது அக்காவின் செல்போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் சொல்றதைக் கேளு,” என்றார் அத்தான். “அவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு. ஆட்டோ வேண்டாம். கடைக்குப் போற மாதிரி கையை வீசிக்கிட்டு வா. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“அப்போ தண்ணி வருதா?”

“வராது. ஏமாத்து வேலைன்னு நானே எழுதி அனுப்பியிருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு நான் வரணும்?”

“வான்னா வா,” என்று வைத்துவிட்டார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வராது என்று எழுதிய மனிதர் வா என்று கூப்பிடுகிறார். அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சன்னல் வழியாக அடுத்த வீட்டைப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரரின் பிள்ளைகள் வாசலில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தன. கட்டுப் போட்ட காலோடு இவள் எப்படிக் கையை வீசிக்கொண்டு வருவாள் என்று என்னிடம் சிடுசிடுத்தாள். பிறகு பட்டறையில் நான் எஞ்சின் ஏற்றும் தள்ளுவண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

மெத்தையைப் போட்டு அதன் மேல் என் மனைவியைப் படுக்க வைத்தோம். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அக்கா அடுப்பை ஏற்றினாள், சிலிண்டரை ஏற்றினாள், துணி மூட்டை, அண்டா, சுவரிலிருந்த கடிகாரம் எல்லாவற்றையும் ஏற்றினாள். என் மனைவி, நான் நோயாளியா இல்லை இந்த வீட்டுச் சாமானா என்று கேட்டாள். தெரு நடுவில் வண்டியைத் தள்ளச் சொல்லி அக்கா முன்னால் நடந்தாள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தான் சொன்னபடி மூச்சு விடவே இல்லை. ஆனால் அண்டா கடகடவென்று அத்தனை வீட்டு வாசலிலும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

எதிர்க்கரை சொன்னதையும் நம்பாத, சொந்த அரசாங்கத்தையும் முழுசாக நம்பாத எங்கள் ஜனங்கள், காதின் பெண்டாட்டி கடிகாரத்தைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு மேடேறுவதைப் பார்த்தார்கள். அதை மட்டும் நம்பினார்கள்.

தெரு முனையில் இளவயதுக் காவலர்கள் இருவர் மறித்தார்கள். தம்பி பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றாள் அக்கா. ஆஸ்பத்திரிக்கு அண்டா எதற்கு என்று ஒருவன் கேட்டான். அங்கே வெந்நீர் கிடைக்காது தம்பி என்றாள். அவன் சிரித்துவிட்டு வழி விட்டான். எங்களுக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரருக்கு நெஞ்சு வலித்தது. அவருக்குப் பின்னால் ஒரு வீட்டில் பிரசவ வலி, இன்னொரு வீட்டில் விஷக் காய்ச்சல். ஒரே மதியத்தில் தெருவுக்கே உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அந்த இருவரும் எல்லோருக்கும் வழி விட்டார்கள். அக்கா திரும்பிப் பார்த்து, நீங்களும் மேலே வாங்கப்பா என்றாள். எங்களுக்கு உத்தரவு இல்லையே அம்மா என்றான் சிரித்தவன்.

இருட்டுவதற்குள் தண்ணீர் வந்தது. மேட்டுத் தெருவிலிருந்து பார்த்தோம். என் பட்டறையின் கூரை கொஞ்ச தூரம் மிதந்து போய்ப் பிறகு காணாமல் போனது. எதிர்க்கரையிலிருந்து யாரும் வரவில்லை, வருவதற்கு அங்கே கரையே இல்லை. கரையில் நிறுத்தியிருந்த காவலர்களில் பலர் திரும்பவில்லை. அந்த இருவரும் திரும்பவில்லை. அந்தப் பெண் குரல் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

தலைநகரிலிருந்து விசாரணைக்கு ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். உண்மையான எச்சரிக்கையை நாம் ஏன் நம்பவில்லை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. தண்ணீர் வரும் முன்பே ஒரு தெரு முழுக்க எப்படிக் காலியானது? உங்களுக்கு யார் சொன்னது? எதிர்க்கரைப் படகுகளுக்கும் நான் எஞ்சின் பார்த்ததை எங்கிருந்தோ தெரிந்துகொண்டிருந்தார். என்னை அழைத்துப்போய் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. தேநீர் கொடுத்தார்கள். எங்கள் நாட்டுக்காரனுக்கு அதைவிடப் பயம் வேறு எதுவும் இல்லை.

அத்தானின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் தொலைந்தார், சொல்லாவிட்டால் நான் தொலைந்தேன். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு, யாரும் கூப்பிடாமல், கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“நான்தான் போன் பண்ணினேன்,” என்றார். “என் பெண்டாட்டி அங்க இருந்தா. பயமா இருந்துச்சு.”

பொய் என்று எழுதிவிட்டு எதற்குப் பயந்தீர்கள் என்றார் கண்ணாடிக்காரர்.

“பொய்னுதான் சார் நினைச்சேன். ஆனா அவளை வச்சுப் பந்தயம் கட்ட மனசு வரல.”

மற்றவர்களை வைத்து மட்டும் மனசு வந்ததா என்று என் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கண்ணாடிக்காரர் அதைக் கேட்கவில்லை. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்ற எரிச்சல்தான் இருந்தது. அதே கேள்வியை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அத்தான் அதே பதிலைத்தான் சொன்னார். அவர் வாழ்நாளில் ஒரு விஷயத்தை இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ அவர்களால் நம்ப முடியவில்லை. மாலையில் என்னை விட்டுவிட்டார்கள். அத்தானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்கு எதிரே ஒரு மனிதர் தினமும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கினார்.

என் வீடு போய்விட்டதால் நாங்களும் அத்தான் வீட்டிலேயே இருந்தோம். அதற்குள் ஊரில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. உத்தரவை மீறி எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆபீஸே அந்தப் போனைச் செய்ய வைத்ததாம், காதை நிறுத்தி வைத்ததெல்லாம் நாடகமாம். எங்களோடு மேடேறி உயிர் பிழைத்த ரொட்டிக்கடைக்காரரே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகு, அப்படியும் இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்கா பரிமாறிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு ஆபீஸ்ல சொல்லித்தானே எனக்குப் போன் பண்ணீங்க?”

அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“உன்னை நினைச்சுப் பயந்தேன்,” என்றார். “அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.”

அக்கா அவர் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள்.

“நம்பறேன்,” என்றாள்.

அத்தான் ஆயுசு முழுக்கக் குரல்களைக் கேட்டு, அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தே சம்பாதித்தவர். அந்தக் குரலையும் கேட்டார். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான் அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அதை மட்டும் அவர் எப்படி நம்புவார்?