ராத்தாவின் பசி

நோன்பின் முதல் நாள், நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கஞ்சிக்காக உம்மா ஊறப்போட்டிருந்த அரிசியை, அடுப்படிக்குள் குந்தியிருந்து ராத்தா அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். வெள்ளை நீர் அவள் முழங்கை வழியே வடிந்தது. என்னைக் கண்டும் கையை மறைக்கவில்லை. இன்னும் வேகமாக மென்றாள். "இது என்ட வயிறு இல்ல புள்ள. ஆரோ உள்ளுக்க இருந்து கேக்காங்க" என்றாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. கிடுகு வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு மாமியும் அதைக் கண்டுவிட்டார். "என்னகா, நோன்போட உப்புப் பாக்கிறயா? உங்கட வீட்டுக்கு ஒரு மூட்ட நெல்லும் காணாது போல" என்று சிரித்தார்.

ராத்தா, என் மூத்த சகோதரி, இந்தப் பசி வருவதற்கு முன் ஈர்க்குப் போல இருந்தவள். மருதமுனையில் தறியில் அமர்ந்து சாரன் நெய்தாள். சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன மறு வருடம் கிணற்றுக்குள் யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லத் தொடங்கினாள். லெப்பை ஓதி ஊதிய தண்ணீர் குடித்தும் குரல்கள் அடங்கவில்லை. பிறகு ஆசுப்பத்திரியில் கொடுத்த குளிசையில் அடங்கின. குரல்கள் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. மூன்று கோப்பைச் சோறு தின்பாள். எழும்பிப் போய்ச் சட்டியை வழிப்பாள். ஒரு வருடத்துக்குள் அவளுடைய சட்டைகளில் ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தவில்லை.

நோயாளி நோன்பு பிடிக்கத் தேவையில்லை என்பது உம்மாவுக்குத் தெரியும். ஆனால் பெருநாள் கழிந்ததும் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண்பார்க்க வருவதாக இருந்தார்கள். ஒரு குமர்ப்பெண் நோன்புப் பகலில் சாப்பிடுகிறாள் என்றால் அவளுடைய நோயை ஊர் மாப்பிள்ளை வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் குளிசைப் போத்தல் என் பொறுப்பில்தான் இருந்தது. குளிசை வந்த பிறகே பசி வந்தது என்பதை வீட்டில் வேறு யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அந்தப் பெருமை என் தலைக்கு ஏறியது. குளிசையை நிறுத்தி நோன்பும் பிடிக்கவைத்தால் பெருநாளுக்குள் அவள் மெலிந்துவிடுவாள் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. நோன்பு திறந்ததும் ஒன்று, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு ஒன்று என்று கொடுப்பதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு குளிசையையும் வாழையடியில் புதைத்தேன்.

நான் நினைத்ததுதான் நடந்தது. பத்து நோன்புக்குள் பசி தணிந்தது. ராத்தா பகலில் அடுப்படிப் பக்கமே போகவில்லை. "அல்லாஹ் கண் தொறந்திட்டான்" என்று உம்மா அழுதார். பழைய நீலச் சட்டையை அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். தோள்பட்டை வரை ஏறியது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இருபதாம் நோன்பு கடந்த ஒரு நாள், நோன்பு திறக்கும் நேரம் கஞ்சிக் கோப்பையை அவள் முன் வைத்தேன். அவள் தொடவில்லை. மோந்து பார்த்தாள். "இதுல என்னத்தக் கலந்த?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஈச்சம்பழத்தையும் தள்ளிவிட்டாள். பசியே இல்லாத அந்தக் கண்களைப் பார்த்ததும், வாழையடியில் புதைத்த குளிசைகள் நினைவுக்கு வந்தன. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் காணவில்லை. கரைவலைக்காரர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "கடலுக்குள்ள கூப்பிடுறாங்க, விடுங்க காக்கா" என்று அவர்களை அண்ணன் முறை சொல்லி அவள் கெஞ்சினாளாம்.

ஆசுப்பத்திரியில் டொக்டர், குளிசை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். "ஓம் ஐயா, என்ட இளைய மகள் படிச்ச புள்ள. ஒரு நேரம் தவறாமக் குடுத்தவ" என்றார் உம்மா. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த அளவு போதவில்லை என்று எண்ணி அவர் குளிசையை இரட்டிப்பாக்கி எழுதினார். குரல்கள் மறுபடி அடங்கின. பசி முன்னைவிடப் பெரிதாக வந்தது. சாய்ந்தமருதுக்காரர்கள் வரவேயில்லை.

இன்று நான் மருத்துவ பீடத்து மாணவி. மூளையில் டோபமின் என்றொரு பதார்த்தம் இருக்கிறது. ஒரு பொருளின்மேல் ஆசை எழுவதிலும் உணவைத் தேடிப் போவதிலும் அதற்குப் பங்குண்டு. ராத்தாவுக்குக் கொடுத்த வகைக் குளிசை அதன் வழியை மறிக்கிறது. அதனால் குரல்கள் அடங்குகின்றன. ஆனால் பசியை அடக்கும் வேறு வழிகளையும் அது மறிப்பதால் சிலருக்குப் பசி கட்டுமீறி உடல் பருக்கிறது. இதை வகுப்பில் கேட்டபோது என் பேனா ஓடவில்லை. அவளைப் பெருந்தீனிக்காரி என்று பேசியவர்களில் நானும் ஒருத்தி. பதினான்கு வயதில் நான் கண்டது சரி. செய்ததுதான் அவளைக் கடல் வரை கொண்டுபோனது.

பீடம் மூடியிருக்கும் இந்த மாதங்களில் வீட்டில் நான்தான் அவளுக்குச் சோறு போடுகிறேன். இப்போது நடந்தாலே மூச்சு வாங்குகிறாள். இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தமும் சேர்ந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை இரண்டு கவளத்தோடு "காணும் புள்ள" என்று கோப்பையைத் தள்ளினாள். கரண்டி என் கையிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "என்ன டொக்டரம்மா, பேயக் கண்ட மாதிரி? ரெண்டு மாம்பழம் களவாத் தின்ட வயிறு இது." கொல்லையில் கொட்டை இரண்டும் கிடந்தன. அவற்றைக் கண்ட பிறகும் மனம் ஆறாமல், குளிசைப் போத்தலைக் கொட்டி எண்ணினேன். சரியாக இருந்தது. "என்ன மகள் எண்ணுறா?" என்று உம்மா வந்து நின்றார்.

"உம்மா, அந்த நோன்புல ராத்தாக்கு நான் ஒரு குளிசையும் குடுக்கல்ல" என்றேன். "டொக்டருக்கு அது தெரியாது. கூட்டின அளவக் குறைக்க ஏலுமாண்டு நாளைக்குப் போய்க் கேக்கணும். நீங்களும் வாங்க. எனக்குத் தனியப் போகப் பயமா இரிக்கி."