ஸ்பீக்கரில் கத்திய கூட்டம்

இளசுகளின் காதுக்கும் கண்ணுக்கும் ருசி பழக்குவது, முதலாளி யாரென்றே தெரியாமல் வேலைநிறுத்தம் நடத்துவது மாதிரி. மறைக்கல்வி வகுப்பு எடுத்து நொந்துபோன சக ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். ஒரு பெரிய வெள்ளிக்கிழமையாவது எங்கள் கோவிலில், ஏசு சிலுவையில் பட்ட பாடுகளின் வாசகத்தை எங்கள் பிள்ளைகள் ஒழுங்காக வாசிக்க வேண்டும். ஜனம் வாய் திறந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேலை கிடைத்த கதை

நான் படித்த பள்ளிக்கூடம் தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், குமுளி ஏறுவதற்குள் ஒரு பிரசுரத்தை முன்னாலிருந்து பின்னால்வரை சத்தமாக வாசித்து முடிப்பேன். ஒரு சொல் கூடினாலும் கேட்பவன் தூங்கிவிடுவான். வளைவில் ஜீப் ஆடும்போது நிறுத்த வேண்டும், ஏற்றத்தில் குரலை உயர்த்தக் கூடாது. அந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரியும் பட்டம் தராது. தந்தாலும் நான் போய் வாங்கமாட்டேன்.

சங்கம் உடைந்து நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அப்போது எங்கள் கோவில் பாதிரியாராக இருந்த பங்குச்சாமி தேடி வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாசிக்கவும், பாட்டுக் கேட்கவும், படம், சிலை பார்க்கவும் பழக்க வேண்டும் என்றார். நான் கோவிலுக்கு ஒழுங்காக வருகிறவன்கூட இல்லையே என்றேன். "நீ பேசுனா பஸ் ஸ்டாண்டுல கூட்டம் நிக்கிது. எம் பிள்ளைக வேதம் வாசிச்சா கூட்டம் வெளிய போயி டீ குடிக்கிது. அதுக்குத்தான்யா வந்தேன்" என்றார்.

அந்தோணியாரும் மாமாவும்

கண்ணைப் பழக்க, பீடத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய அந்தோணியார் மரச் சுரூபத்தின் முன்னால் பிள்ளைகளைப் பேசாமல் உட்காரவைத்தேன். அந்தோணியார் கையிலிருக்கும் குழந்தை எங்கே பார்க்கிறது, செதுக்கியவன் எதை விட்டுவிட்டான் என்று கேட்டேன். நன்றாகவே பதில் சொன்னார்கள். நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் திருவிழாவுக்கு அதே பிள்ளைகள் அல்லிநகரத்தில் பிளெக்ஸ் அடித்து வந்து வாசலில் கட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட திராட்சை வியாபாரி ஆள் உயரத்துக்கு நிற்கிறார். அந்தோணியார் மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறார். என்னடா இது என்றேன். கயிறு கட்டிக்கொண்டிருந்த பிரகாஷ் ஏணியிலிருந்தே சொன்னான்: "அந்தோணியார எல்லாத்துக்கும் தெரியும் தாத்தா, சின்னதாப் போட்டாப் போதும். எங்க மாமாவத்தான் யாருக்கும் தெரியாது."

பொய் அழுகை

வகுப்பில் தேறியது ஒரு பெண். சகாயமேரி, பதினொன்றாம் வகுப்பு. ஒரு வரியை வாசித்துவிட்டு, அது அடங்கும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டாள். குரலைக் குலுக்கமாட்டாள். அவளைப் பார்த்துத்தான் பெரிய வெள்ளி ஆசையே எனக்கு வந்தது.

ஒருநாள் அவள் அம்மா, நூல் மில்லில் வேலை செய்கிறவர், ஷிப்ட் முடித்த பஞ்சுத்தலையோடு வகுப்புக்கே வந்துவிட்டார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "அக்கடான்னு உக்காந்து நாடகம் பாத்தா, இவ பக்கத்துல நின்னுக்கிட்டு 'இது பொய் அழுகைம்மா, மியூசிக்க நிப்பாட்டுனா ஒண்ணுமில்ல'ங்கிறா. எனக்கும் இப்ப அப்பிடித்தான் தெரியுது. நான் இனி எதப் பாக்க?" என்றார்.

விட்டுருங்க

பாடுகளின் வாசகத்தை ஆள் பிரித்து வாசிப்பது வழக்கம். கதை சொல்கிறவர் ஒருவர், கிறிஸ்துவாக ஒருவர். அவரைக் கொல்லச் சொல்லிக் கத்தும் கூட்டமாகக் கோவிலிலுள்ள மொத்த ஜனமும் வாசிக்க வேண்டும். இரண்டாயிரம் வருஷமாகச் சபை வைத்திருக்கும் பாடத்தில் இதற்கு மேல் ஒரு பாடம் கிடையாது. கூட்டத்தை நல்லதுக்குக் கத்தவைத்தவன் நான். அதே கூட்டம் கெட்டதுக்கும் கத்தும் என்பது தன் வாயால் சொல்லி, தன் காதால் கேட்டவனுக்குத்தான் உறைக்கும். வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்படத் தெரிவதுதான் ருசி.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்கப் பழகினோம். சகாயமேரி கதை சொல்கிறவள். மற்றவர்கள் கூட்டம். முதல் நாள் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். போகப்போகச் சிரிப்பு நின்றது. ஒரு சனிக்கிழமை பிரகாஷ் கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டான். ஏன் என்றேன். "தாத்தா, ஒரு வருசம் மட்டும் நாங்க 'விட்டுருங்க'ன்னு கத்துனா என்ன?" என்றான்.

இடி

பெரிய வெள்ளிக்கு ஐந்து நாள் முன்னால், குருத்து ஞாயிறு முடிந்ததும், கோவில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப்பேரவை கூடியது. துணைத்தலைவர் சவரிமுத்து ஒரு பென் டிரைவை ஆட்டிக் காட்டினார். பாடுகள் முழுதும் அதில் பதிந்திருக்கிறது, இந்த வருஷம் யாரும் வாசிக்க வேண்டாம் என்றார். புதிதாக வந்த சின்ன ஃபாதர் ஏற்கெனவே சரி சொல்லியிருந்தார்.

நான் விடவில்லை. எஸ்டேட் துரைமார்களிடம் பேசிய குரலில் பேசினேன். ஒரு காலத்தில் அந்தக் குரலுக்கு எஸ்டேட் கேட்டுகள் திறந்திருக்கின்றன. சவரிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, இது மதுரை ஸ்டுடியோவுல பண்ணுனது. இடிச் சத்தம் இருக்கு, குதிரைச் சத்தம் இருக்கு, கேட்டா அழுதுருவிய. ஃபாதரும் நல்லாருக்குன்னு சொல்லிட்டாக. சகாயமேரிகிட்ட இடி இருக்கா?" என்றார்.

பெரிய வெள்ளி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். பின்சுவர் ஓரமாக நின்றேன். இடி இடித்தது. குதிரைகள் ஓடின. ஒருவர் தொண்டையைக் குலுக்கிக் குலுக்கிக் கதை சொன்னார். ஜனம் செல்போனைத் தூக்கிப் பிடித்து ஸ்பீக்கரைப் படம் எடுத்தது. எதை எடுத்தார்களோ, ஸ்பீக்கர் பெட்டி அசையக்கூட இல்லை.

கூட்டத்தின் இடம் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஆயிரம் பேர் கத்தினார்கள். கோவிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு நாலு வரிசை முன்னால் சகாயமேரி மட்டும் எழுந்து நின்றாள். கூட்டத்தின் வரியைத் தன் குரலில், மெதுவாக, குலுக்காமல் சொன்னாள். ஸ்பீக்கர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அது பின்சுவர்வரை வந்தது. ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா தாவணியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "சும்மா இரு ஆத்தா. அதான் நமக்கும் சேத்து ஸ்பீக்கரு கத்துதுல்ல."

கூட்டத்தைக் கத்தவைத்தே தொண்டை கிழிந்தவன் நான். எங்கள் ஜனம் தன் வாயால் கத்தியே ஆக வேண்டிய ஒரே நாளில், அதற்கும் மதுரையிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்துவிட்டார்கள்.