சாம்பல் லொறியும் எங்கட செவலையும்

சும்மா தாறன் எண்டு ஆராவது சென்னா எனக்கு மூக்கு அரிக்கும். இப்ப வந்த பழக்கமில்ல, சின்ன வயசில இரிந்தே அப்பிடித்தான்.

சுனாமி வந்து கடக்கர ஊடெல்லாத்தையும் வழிச்செடுத்துக்கிட்டுப் போன பொறகு, நாங்க பள்ளிக்கூடத்துக்குள்ள பாய் போட்டுக் கெடந்த நேரம், ஆளுக்கொரு நீல வாளி தந்தாங்க. ஆர் தந்த எண்டு கேட்டா வாளியிலயே எழுதியிரிக்காம். எனக்கு வாசிக்கத் தெரிஞ்சாத்தானே. நான் வாளியக் கவுத்து, தட்டி, மோந்து பார்த்தன். பக்கத்துல இரிந்த பொம்புளையளெல்லாம், கடல் எல்லாத்தையும் கொண்டு போன கவலைக்குள்ளயும், என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். வாளி தாறவன் பொறகு என்னத்துக்கு வருவான் எண்டு ஆருக்குத் தெரியும்?

இப்ப சண்டையும் முடிஞ்சி, ரோட்டுல ஆமி மறிச்சிப் பார்க்கிறதும் கொறஞ்சி, வேன் வருகுது. பழசக் கொண்டாங்க, புதுசக் கொண்டு போங்க எண்டு கத்திக்கிட்டு வருகுது. போன கெழம என்ட மகள் ஆட்டுக்கல்ல உருட்டிக்கிட்டு வேலிக் கடப்படிக்குப் போறா, கரண்டுல அரைக்கிற மிசினுக்கு மாத்த. நான் போய்க் கல்லுக்கு மேல ஏறிக் குந்திக்கிட்டன்.

“உம்மா, எழும்புங்க. வேன்காரன் போகப் போறான்.”

“என்னையும் சேத்து எடுக்கிறானாமா கேளு. நானும் பழசுதானே.”

மகளுக்குக் கோவம். ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் எண்டு சென்னா. ஓம், சந்தேகம்தான். ஏன் எண்டு செல்றன், கேளுங்க.

எனக்கு அப்ப எட்டோ ஒம்பதோ வயசு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ரெண்டு வருசத்தோட ஒத்துவராமப் போச்சி. கல்முனையில, கடல் இரையிறது கேக்கிற தூரத்துல எங்கட வளவு. ஊடும் வளவும் உம்மாட சீதனம். வளவுக்குள்ள நிண்ட செவலப் பசுவும் உம்மாடதான். அவட கலியாணத்துக்கு அவட உம்மா குடுத்த பசுவுட பேத்தி அது.

செவலைட பால் தொட்டில்ல கெடந்த தம்பிக்கு. மிஞ்சினது தயிர். தயிர்ட ஏடெடுத்து நெய். சாணி மரவள்ளிக்கு. செவல தின்னுறது கஞ்சித்தண்ணியும், பழத்தோலும், வாப்பா வயல்ல இரிந்து கொண்டாற வைக்கலும். குப்ப எண்டு ஒரு சாமான் அப்ப எங்கட ஊட்ட இல்ல. மாடு வேணாமெண்டதக் கோழி தின்னும். கோழி வேணாமெண்டத மரவள்ளி தின்னும். மாமா வேணாமெண்டு ஒண்டும் இல்ல, அதால அவருக்குப் பொறகு கோழிக்கும் ஒண்டும் மிஞ்சிறல்ல.

மாமா எண்டா உம்மாட தம்பி. கலியாணம் முடிக்கல்ல, எங்களோடதான் இரிந்தார். சட்டப் பையில எப்பயும் சீப்பு. டவுனில புதுசா என்ன வந்தாலும் மாமாட வாயிலதான் மொதல்ல வரும்.

ஒரு வியாழக்கெழம எங்கட தெருவுக்குள்ள லொறி ஒண்டு வந்து நிண்டிச்சி. வெள்ளச் சட்ட போட்ட ஒராள் எறங்கி, கடப்புக் கடப்பா வந்து சின்னத் தகரப் பேணி ஒண்டு குடுத்தார். தூரத்துல இரிந்து வந்த ஆள். மூத்த ஆம்புளையள எங்கட ஊரில காக்கா எண்டு செல்றதுக்கு அவங்கட பக்கம் நானா எண்டு செல்றாம், அதால நாங்களும் அவர நானா எண்டம்.

“இது சாம்பிள், ராத்தா. சும்மாதான். கரைச்சிக் குடிச்சிப் பாருங்க.”

உம்மா வேலிக்கு அங்கால நிண்டு கேட்டா: “என்ன சாம்பல்? எங்கட அடுப்புல இல்லாத சாம்பலா?”

“சாம்பல் இல்ல ராத்தா, சாம்பிள்.”

“அதத்தான் நானும் கேக்கன்.”

பேணியத் தொறந்து பார்த்தா மெய்யாச் சாம்பல் மாதிரித்தான். கொஞ்சம் வெளுத்த சாம்பல். சுடுதண்ணியில போட்டா பால்! மாமா ரெண்டு கோப்ப குடிச்சிட்டு, இதுதான் ராத்தா பால், பாலாட வாசமே இல்ல, மாட்டு வாசமே இல்ல எண்டார். பாலுக்கு மாட்டு வாசம் வராம வேற என்னத்துட வாசம் வாற எண்டு நான் கேட்டன். தலையில ஒரு குட்டு வாங்கினன்.

அண்டையில இரிந்து தெருவுக்கே அது சாம்பல் லொறிதான். ஆனா உம்மாக்கு அந்தச் சும்மா பிடிக்கல்ல. “சும்மா வாங்கித் தின்னுறதுக்கு நாம என்ன சக்காத்துக்கு நிக்கிற ஆக்களா?” எண்டு முணுமுணுத்தா. எங்கட ஊர்ப் பழக்கம் ஒண்டிரிக்கி. அசலூட்டுல இரிந்து கோப்பயில ஏதும் வந்தா, அந்தக் கோப்பய வெறுமையாத் திருப்பி அனுப்பப்படாது. ஒண்டும் இல்லாட்டி ரெண்டு பச்ச மொளகாயாவது போட்டு அனுப்போணும். உம்மா அந்தப் பால்மாவப் போத்தலுக்குள்ள கொட்டி, பேணியச் சாம்பல் போட்டு மினுக்கி, அடுத்த வியாழன் செவலைட தயிர அதுக்குள்ள நெறைச்சி, என்ட கையில தந்து, அந்த மனிசன்ட சாமான அவருக்கிட்டக் குடு எண்டா.

நானாக்கு மொதல்ல ஒண்டும் விளங்கல்ல. மூடியத் தொறந்தார். வெரலால தொட்டு நக்கினார். என்னைப் பார்த்தார். பொறகு சிரிச்சார் பாருங்க ஒரு சிரிப்பு! சிரிச்சிட்டு இன்னொரு பேணி தந்தார்.

உம்மா குடுத்தா அவட தங்கச்சி, எங்கட சாச்சி, சும்மா இரிப்பாவா? அவ தேங்காப்பால்ல தொதல் கிண்டிக் குடுத்தா. அங்கால ஊட்டுக்காரி உமிக்குள்ள முட்ட பொதச்சிக் குடுத்தா. தெருவெல்லாம் போட்டி. வியாழக்கெழம வந்தா நானா குடுக்கிற பேணிய விட வாங்கிற பேணி கூட. எங்கட ஊட்டயெண்டா, ஏடு கட்டின தயிரெல்லாம் நானாக்கு எண்டு எடுபட்டிச்சி. தம்பிக்குச் சாம்பல் பால். எங்கட மாட்டுட பால் லொறியில போகுது, லொறிட பால் எங்கட வயித்துக்குள்ள போகுது. ஊட்ட இத ஒரு புதினமா ஆரும் பார்க்கல்ல. எனக்கு மட்டும் மூக்கு அரிச்சிக்கிட்டே இரிந்திச்சி. இந்த மனிசன் கள்ளன். என்னத்தையோ களவெடுக்கான். என்னத்த?

ஒரு வியாழன் நான் லொறிக்குப் பின்னால போனன். தெருவுட முடிவுல, தாழங்காட்டுக்குப் பக்கத்துல நிப்பாட்டி, நானாவும் டைவரும் நெழல்ல குந்தியிரிந்து எங்கட தயிரத் திண்டுக்கிட்டிரிந்தாங்க. பக்கத்துல பெட்டி. பெட்டிக்குள்ள நெய், முட்ட, தொதல், எல்லாம் ஊட்டுக்குக் கொண்டு போகக் கட்டி வெச்சிரிந்திச்சி. பிடிச்சிட்டன் எண்டு எனக்குள்ள ஒரு துள்ளல்.

“நானா, எங்கட தயிரத் தின்னுறீங்களே, ஒங்கட பால்மாவக் கரைச்சிக் குடிக்கிறதுதானே?”

டைவருக்குப் பொரையேறிட்டு. நானா வாயத் தொடைச்சிக்கிட்டுச் சென்னார்: “இது விக்கிற சாமான் மகள். எங்கட ஊட்ட ரெண்டு பசு நிக்கிது. ஆனா உம்மாட தயிர் மாதிரி வராது. உம்மாக்கு சலாம் செல்லுங்க.”

ஒரே ஓட்டமா ஊட்டுக்கு வந்தன். மூச்சு வாங்க வாங்கச் சென்னன். “உம்மா, அவன் கள்ளன்! நம்மட தயிரத் தின்னுறான். அவன்ட ஊட்டயும் மாடு நிக்காம்! ரெண்டு!”

உம்மாட மொகம் பூத்திட்டு. “தின்னத்தானே புள்ள குடுத்த. மாடு கண்டெல்லாம் இரிக்கா? நல்ல குடும்பத்து ஆள் போல.”

மாமா ஒரு படி மேல போயிட்டார். “பார்த்தீங்களா ராத்தா? ரெண்டு மாடு வெச்சிரிக்கிறவனே இந்தப் பேணியக் கொண்டு திரியிறான் எண்டா, பேணி எவ்வளவு நல்ல சாமானா இரிக்கோணும்! இனி இந்தச் செவல என்னத்துக்கு? சாணி அள்ளிறீங்க, வைக்கல் இழுக்கிறீங்க, ஊடெல்லாம் மூத்திர நாத்தம். கல்முனை டவுனில ஆர் இப்ப மாடு வளக்கிற? வித்துப் போட்டு நிம்மதியா இரிங்க.”

அந்தக் கதய மாமா ஒரு கெழமையா ஓதினார். வாப்பா உம்மாக்கிட்ட, ஒன்ட மாடு, ஒன்ட இஷ்டம் எண்டு செல்லிட்டு வயலுக்குப் போயிட்டார். ஒரு பின்னேரம் மாமா தரகரக் கூட்டிக்கிட்டே வந்திட்டார். உம்மா செவலைட கழுத்துக் கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிண்டா. விக்கவும் மனமில்ல, வேணாமெண்டு செல்லவும் வாய் வரல்ல. கடைசியில என்னப் பார்த்துக் கேட்டா. பகிடிக்குத்தான் கேட்டா எண்டு நான் நெனச்சன்.

“நீ செல்லு புள்ள. விப்பமா?”

நான் யோசிக்கவே இல்ல. “வித்துப் போடுங்க உம்மா. செவல இல்லாட்டி அந்தக் கள்ளனுக்கு ஒரு கரண்டித் தயிரும் குடுக்கத் தேவல்ல.”

மாமா விழுந்து விழுந்து சிரிச்சார். உம்மா சிரிக்கல்ல. கயித்த விட்டா. செவலக்கி என்ன தெரியும்? தரகர்ட தோள்ல கெடந்த துண்டச் சப்பிக்கிட்டே கடப்பத் தாண்டிப் போச்சி. உம்மா செவலயக் கட்டுற வெறும் கட்டையப் பார்த்துக்கிட்டு நிண்டா. நான் அங்கால போய்ச் சந்தோசத்துல ஒரு காலால குதிச்சன். கள்ளனுக்கு நல்ல பாடம் படிப்பிச்சிட்டன்தானே!

அடுத்த வியாழன் லொறி வந்திச்சி. எந்தக் கடப்பிலயும் நிக்கல்ல. தெரு மூலக் கடைக்கு முன்னால நிப்பாட்டி, விக்கிறதுக்குப் பெரிய பெரிய பேணியாப் பெட்டி பெட்டியா எறக்கிச்சி. நானா என்னக் கண்டு கையக் காட்டினார். நான் மொகத்தத் திருப்பிக்கிட்டன். தயிர் இல்ல எண்டு தெரிஞ்சிட்டு, அதான் எங்கட ஊட்டுப் பக்கம் வரல்ல. அப்பிடித்தான் நான் நெனச்சன்.

அண்டைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு தம்பி அழத் தொடங்கினான். போத்தல்ல இரிந்த சாம்பல் பால் முடிஞ்சிட்டு. உம்மா செவல வித்த காசுல கொஞ்சத்த எடுத்து என்ட கையில பொத்தி, கடையில பால்மா வாங்கிட்டு வா எண்டா. பழைய பேணியையும் தந்தா, எது எண்டு கடைக்காரருக்குக் காட்ட. நான் பழக்க தோசத்துல குசினி வாசல்ல நிண்டு கேட்டன்.

“உம்மா, இதுக்குள்ள என்ன போட்டுக் குடுக்கிற?”

உம்மா அடுப்பப் பார்த்துக்கிட்டிரிந்தா. திரும்பல்ல.

“ஒண்டும் போடத் தேவல்ல. இனி ஒண்டும் போடத் தேவல்ல. நீ போ.”

அத விட நல்ல செய்தி எனக்கு வேற என்ன? தயிர் சிந்திடும் எண்டு ரெண்டு கையாலயும் பிடிச்சி, காலப் பார்த்துப் பார்த்து நடக்கிற தொல்லயெல்லாம் முடிஞ்சி போச்சி. வெறும் பேணி கையில இலேசா இரிந்திச்சி. தம்பிட அழுக கேக்காத தூரம் வரைக்கும், அதுட அடியில வெரலால தாளம் போட்டுக்கிட்டு, துள்ளித் துள்ளிக் கடைக்குப் போனன்.