கட்டில் காலில் ஒட்டிய சீட்டு

அந்தப் பிரெஞ்சுப் பாடத்தை நான் ஒழுங்காகப் படித்ததுதான் தப்பு. மற்றப் பிள்ளைகளைப்போல் தூங்கி வழிந்திருந்தால் வீட்டில் ஒரு வம்பும் வந்திருக்காது.

கோட்டாற்றுப் பள்ளியில் எங்களுக்குத் தையல் சொல்லித்தந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ, ஊசி கோக்கும் நேரத்தில் தன் பாஷையையும் கொஞ்சம் ஊட்டுவார். அந்த வாரம் ‘என்னுடைய விளக்கு, என்னுடைய நாற்காலி’. சாமான்களில் எழுதி ஒட்டினால் மறக்காது என்றார். எனக்கு எட்டு வயது. நோட்டுத்தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, விளக்கு, நாற்காலி, குடை, பெட்டி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் ஒட்டினேன். அப்பா மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்த கட்டிலின் காலையும் விடவில்லை.

எங்கள் வெள்ளாளர் வீடுகளில் அப்போது மருமக்கள் வழி. அப்பா கண்ணை மூடினால் வீடும் வயலும் சட்டி பானையும் அவருடைய அக்காள் மகனுக்கு. பெண்டாட்டி பிள்ளைக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அதுவும் சண்டை பிடித்தால். அந்த அக்காள் மகன், எங்கள் அத்தான், வாராவாரம் நோயாளியைப் பார்க்க வருவார். நோயாளியைவிடப் பாத்திரங்களைத்தான் அதிகம் பார்ப்பார். ஒரு செம்பு இடம் மாறியிருந்தாலே அம்மா கடத்திவிட்டாள் என்று பேச்சு வரும்.

அன்று சீட்டுகளைக் கண்டதும் அத்தான் முகம் கறுத்துவிட்டது.

“இது என்ன சங்கதி, அத்தை? மாமா உசிரோட கெடக்கும்போதே வக்கீல வச்சுச் சாமானுக்குச் சீட்டு ஒட்டியாச்சா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் அம்மா.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீயா ஒட்டினே? வாசி.”

“மா லாம்ப்” என்று வாசித்தேன்.

“அப்படின்னா?”

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். “வெளக்கு” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

‘என்னுடைய’ என்பதை ஒவ்வொரு சாமானிலும் விழுங்கினேன். அத்தான் சிரித்துவிட்டு, ஒவ்வொரு சீட்டாக நகத்தால் சுரண்டி எடுத்தார். குனிய மனமில்லாததால் கட்டில் காலில் இருந்தது மட்டும் தப்பியது. அவர் போனதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். “மக்கா, நேத்து ரெண்டு வார்த்தை வாசிச்சு ஒண்ணுக்குத்தானே அர்த்தம் சொன்னே? முழுசாச் சொல்லல்லியே?”

பயந்துகொண்டே முழு அர்த்தத்தையும் சொன்னேன். அப்பா கையை நீட்டிக் கட்டில் காலில் மிஞ்சியிருந்த சீட்டைத் தடவினார். பிறகு, “அந்தப் பாஷையில ஒருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். “இன்னொருக்கா.”

அதன்பின் தினமும் அதே கதைதான். பள்ளி விட்டு வந்ததும் விளக்கில் தொடங்கிக் கட்டிலில் முடிக்கவேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். ஒன்றை விட்டாலும், “கொடைய விட்டுட்டியே” என்பார். பரீட்சைதான் வைக்கிறார் என்று நான் நடுங்குவேன். ஒருநாள்கூடத் தமிழில் சொல்லச் சொன்னதில்லை.

ஆடியில் அப்பா போய்விட்டார். பதினாறு கழிந்து அம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டபோது சாரல் அடித்தது. குடை சுவரில்தான் தொங்கியது. அத்தான் நின்றிருந்தார். அம்மா குடையைப் பார்த்தாள், கேட்கவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே நடந்தோம். பாடம் மறந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“என்னட்டி முணுமுணுக்க?” என்றாள் அம்மா.

“கொடை” என்றேன். “அவ்வளவுதான்.”